வாளா, கேடயமா, வெறுங்கையா? முன்வரிசை வீரருக்கு எந்த கிளாஸ்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் இன்ஸ்டால் ஆவது பெரும்பாலும் ஏதாவது ஒரு கேம்தான். நீங்களும் பால்டர்ஸ் கேட் 3 போன்ற ஒரு கேமை ஆடிப் பழகியிருக்கலாம். ஒரு நாள் நண்பர் ஒருவர், "இதையே நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடுகிறோம். நீயும் வா" என்று அழைப்பார். போய் உட்கார்ந்ததும் உங்கள் முன் ஒரு தாளை வைப்பார்கள். அதில் நீங்கள் நிரப்ப வேண்டிய முக்கியமான கட்டம் கிளாஸ். அதாவது, உங்கள் பாத்திரத்தின் தொழில் என்ன என்பது.

"எதிரியின் முகத்துக்கு நேரே நின்று சண்டை போட வேண்டும், அவ்வளவுதான்" என்று சொன்னால் போதாது. அப்படிச் சண்டை போட ஒன்றல்ல, ஐந்து கிளாஸ்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

கம்ப்யூட்டர் கேமில் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் கவலையில்லை. பால்டர்ஸ் கேட் 3ல் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸை மாற்றித் தந்துவிடுவார். சண்டையில் தோற்றால் சேவ் செய்த பைலைத் திறந்து மறுபடி ஆடலாம். மேஜையில் சேவும் கிடையாது, லோடும் கிடையாது. எனவே தேர்ந்தெடுக்கும் முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது. எப்படி யோசிப்பது என்று பார்ப்போம்.

கொஞ்சம் வரலாறு

நாம் பேசப் போவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டைப் பற்றி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974ல் வெளியிட்டது இது. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்தான் இருந்தன. சண்டை போடுபவர், மந்திரம் செய்பவர், மதகுரு. பாலடின், மாங்க் போன்றவை 1975ல் வந்த துணைப் புத்தகங்களில் சேர்ந்தன.

1998ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட், 2002ல் வந்த நெவர்வின்டர் நைட்ஸ், 2023ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆகிய மூன்றுமே இந்த மேஜை விளையாட்டின் விதிகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தவைதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டர் போட்டுவிடும். மேஜையில் கணக்குப் போடுவது நீங்கள். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத்தான் திரும்பி வரப் போகிறோம்.

ஓர் அடி எப்படி விழுகிறது?

நமக்குப் பழக்கமான பகடைக்கு ஆறு முகம். இங்கே முக்கியமான பகடைக்கு இருபது முகம். தாக்கும்போது அதை உருட்டி, வரும் எண்ணுடன் உங்கள் தாக்கும் திறனைக் கூட்ட வேண்டும். அது எதிரியின் ஆர்மர் கிளாஸ் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அடி விழும். இந்த கிளாஸ் வேறு, நாம் தேர்ந்தெடுக்கப் போகும் கிளாஸ் வேறு. குழப்பம் வராமல் இருக்க இதைக் கவச எண் என்றே இங்கு சொல்வோம்.

ஓர் உதாரணம். முதல் லெவலில் 16 வலிமை உள்ள ஒரு வீரருக்குத் தாக்கும் திறன் 5. எதிரில் நிற்பது ஆர்க் என்ற முரட்டுப் பிராணி. அதன் கவச எண் 13. பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு, அதாவது 65 சதவீதம். அடி விழுந்த பிறகு ஆயுதத்துக்கு உரிய பகடையை உருட்டி, வலிமைக்கான 3ஐக் கூட்டினால் வருவது சேதம். இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் ஆயுதப் பகடையை இரண்டு மடங்காக உருட்டலாம்.

எக்ஸெல்லில் போட்டுப் பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கலாம். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள்.

1. ஏ1 செல்லில் எதிரியின் கவச எண் 13.

2. பி1ல் உங்கள் தாக்கும் திறன் 5.

3. சி1ல் ஆயுதப் பகடையின் சராசரி. இரு கை வாளுக்கு இரண்டு ஆறு முகப் பகடை, சராசரி 7. ஒரு கையால் பிடிக்கும் நீள வாளுக்கு ஓர் எட்டு முகப் பகடை, சராசரி 4.5.

4. டி1ல் கூட்ட வேண்டிய நிலையான எண் 3.

5. இ1ல் அடி விழும் வாய்ப்பு. 21ஐயும் பி1ஐயும் கூட்டி, ஏ1ஐக் கழித்து, 20ஆல் வகுக்கும் பார்முலாவைத் தாருங்கள். விடை 0.65 என்று வரும்.

6. எப்1ல் சராசரி சேதம். சி1ஐயும் டி1ஐயும் கூட்டி இ1ஆல் பெருக்குங்கள். அதனுடன் சி1ன் 0.05 மடங்கைக் கூட்டுங்கள். இந்தக் கடைசிப் பகுதி 20 விழும் வாய்ப்புக்காக.

இரு கை வாளுக்கு 6.85 என்று வரும். சி1ல் 4.5 என்று மாற்றினால், நீள வாளுக்கு 5.10. ஒவ்வொரு சுற்றிலும் இரு கை வாள் 1.75 அதிகம் தருகிறது. அப்படியானால் இரு கை வாள்தான் சிறந்தது என்று தோன்றும் அல்லவா?

இப்போது அதே ஷீட்டில் ஆர்க்கின் பக்கம் நின்று பாருங்கள். அதன் தாக்கும் திறனும் 5தான். அதன் கோடாரிக்குப் பன்னிரண்டு முகப் பகடை, சராசரி 6.5, நிலையான எண் 3. சங்கிலிக் கவசம் அணிந்த வீரரின் கவச எண் 16. ஆர்க் ஒரு தடவை தாக்கினால் அவருக்குச் சராசரி இழப்பு சுமார் 5.08. நீள வாள் வைத்திருப்பவரின் மறு கையில் கேடயம் இருக்கும். அதனால் கவச எண் 18 ஆகிவிடும். இழப்பு சுமார் 4.13. ஒரு தாக்குதலுக்கு 0.95 மிச்சம்.

ஒரே ஓர் ஆர்க் எதிரில் நின்றால் இரு கை வாள் லாபம். இரண்டு ஆர்க்குகள் உங்களையே தாக்கினால் மிச்சம் 1.90. இப்போது கேடயம் லாபம். எது சிறந்தது என்பது ஆயுதத்தை மட்டும் பொறுத்தது இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், உங்களை எத்தனை பேர் தாக்குகிறார்கள் என்பதையும் பொறுத்தது.

ஐந்து கிளாஸ்களும் இரண்டு எண்களும்

இதே முறையில் ஐந்து கிளாஸ்களுக்கும் முதல் லெவலில் கணக்குப் போடலாம். முதல் எண், ஒரு சுற்றில் ஆர்க்குக்குத் தரும் சராசரி சேதம். இரண்டாவது எண், ஆர்க்கின் எத்தனை தாக்குதல்களைச் சராசரியாகத் தாங்கி நிற்பார் என்பது.

மாங்க், தடி மற்றும் வெறுங்கை: சேதம் 8.80, தாங்குவது 1.6

பார்பேரியன், இரு கை வாள், ஆவேச நிலையில்: சேதம் 8.15, தாங்குவது 4.6

ரோக், மெல்லிய வாள், பதுங்கித் தாக்கும் வாய்ப்பு இருந்தால்: சேதம் 7.55, தாங்குவது 1.5

பைட்டர், நீள வாள் மற்றும் கேடயம்: சேதம் 5.10, தாங்குவது 2.9

பாலடின், நீள வாள் மற்றும் கேடயம்: சேதம் 5.10, தாங்குவது 2.7

இவை எளிமையாக்கப்பட்ட கணக்குகள். பைட்டர் முதல் லெவலிலேயே ஒரு சண்டைப் பாணியைத் தேர்ந்தெடுக்கலாம். இரு கை வாளுக்கான பாணியை எடுத்தால் அவருடைய சேதம் 7.78 ஆகும். ஆனால் அப்போது கேடயம் இருக்காது. உடல் வலு எண்ணை மாற்றினால் இரண்டாவது எண் கொஞ்சம் கூடும், குறையும்.

ஷீட் சொல்லாத மூன்றாவது எண்

நான் முதன்முதலில் ஆடியபோது இப்படித்தான் ஷீட் போட்டேன். சாப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இது பெருமையான விஷயம். மாங்க் முதலிடத்தில் வந்தது. உடனே மாங்க் எடுத்தேன். சேதத்தை மட்டும்தான் பார்த்தேன். இரண்டாவது எண்ணைக் கணக்கிடவே இல்லை.

இரண்டாவது லெவலில் மாங்க்குக்குக் கி என்ற புள்ளிகள் இரண்டு கிடைக்கும். ஒரு புள்ளி செலவழித்தால் கூடுதலாக அடிக்கலாம், அல்லது தற்காத்துக் கொள்ளலாம், அல்லது வேகமாக ஓடலாம். ஓடும் தூரமும் மற்றவர்களைவிட அதிகம். ஒவ்வொரு முறை என் முறை வந்தபோதும் நான் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தேன். மேஜையைச் சுற்றி நான்கு பேர் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் இரண்டு புள்ளிகளையும் கூடுதல் அடிகளுக்கே செலவழித்து, எல்லோரையும் விட்டுவிட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டேன்.

எங்கள் குழுவில் மந்திரவாதியாக, அதாவது விசார்டாக ஆடிய நண்பரிடம் இருந்தது 12 ஹிட் பாயிண்ட். அவருக்கும் ஆர்க்குகளுக்கும் நடுவே நிற்க வேண்டியவன் நான். இரண்டு ஆர்க்குகள் அவரை அடைந்தன. இரண்டே அடியில் பூஜ்யத்துக்கு வந்து விழுந்தார். விழுந்தவர் மூன்று முறை தோற்றால் மரணம். மயங்கிக் கிடப்பவரை அருகில் நின்று அடித்தால், ஒரே அடி இரண்டு தோல்விக்குச் சமம். வேகமாகத் திரும்பி ஓடி வர என்னிடம் ஒரு கி புள்ளிகூட இல்லை. நான் பாதி தூரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரங்களாக அந்த விசார்டுக்குக் கதை எழுதி, படம் வரைந்து வைத்திருந்தார் நண்பர். அவர் எதுவும் சொல்லவில்லை. தாளை மடித்து பைக்குள் வைத்தார். அதைவிட ஏதாவது திட்டியிருக்கலாம்.

மாங்க் மோசமான கிளாஸ் இல்லை. அதற்குத் தேவையான கணக்கை என்னால் அப்போது மேஜையில் போட முடியவில்லை. அவ்வளவுதான். ஒவ்வொரு கிளாஸும் உங்களை எத்தனை விஷயங்களை நினைவில் வைத்துக் கொள்ளச் சொல்கிறது என்பதுதான் ஷீட் சொல்லாத மூன்றாவது எண். அந்த எண்ணோடு சேர்த்து ஒவ்வொரு கிளாஸாகப் பார்ப்போம்.

பார்பேரியன்

முதல் லெவலில் 12 ஹிட் பாயிண்டும் அதன் மேல் உடல் வலுவுக்கான எண்ணும் கிடைக்கும். ஐந்திலும் இதுவே அதிகம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஆவேசம். முதல் லெவலில் நீண்ட ஓய்வுக்கு நடுவே இரண்டு முறை ஆவேசம் கொள்ளலாம். அந்த நேரத்தில் வாள், ஈட்டி, தடி போன்றவற்றால் வரும் சேதம் பாதியாகிவிடும். உங்கள் அடியில் 2 கூடும். இரண்டாவது லெவலில், தற்காப்பை மறந்து தாக்கும் வசதி கிடைக்கும். இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக் கொள்ளலாம். 65 சதவீத வாய்ப்பு 87.75 ஆகிவிடும். பதிலுக்கு எதிரிகளும் உங்களை அப்படியே தாக்குவார்கள். புதியவர்கள் பயமின்றி எடுக்கலாம். ஆவேசம் தீர்ந்துபோன நாளில் மட்டும் கவனம் தேவை.

பைட்டர்

முதல் லெவலில் 10 ஹிட் பாயிண்ட், அதன் மேல் உடல் வலுவுக்கான எண். எந்தக் கவசமும் அணியலாம், எந்த ஆயுதமும் எடுக்கலாம். நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. களைத்துப் போனால் ஒரு பத்து முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணுடன் லெவலையும் கூட்டி ஹிட் பாயிண்ட்டை மீட்டுக் கொள்ளலாம். இரண்டாவது லெவல் முதல், ஒரே முறையில் இன்னொரு செயலையும் செய்து கொள்ளலாம். இரண்டும் சிறிய ஓய்வு எடுத்தாலே திரும்பக் கிடைத்துவிடும். ஐந்தாவது லெவலில் ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல், பதினொன்றில் மூன்று, இருபதில் நான்கு. சலிப்பாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விதிகளில் மூழ்காமல் மேஜையில் நடப்பதைக் கவனிக்க இதைவிட வசதியான கிளாஸ் இல்லை.

பாலடின்

இவரும் பைட்டரைப் போலவே கனமான கவசத்தில் நிற்பவர். கூடவே கொஞ்சம் தெய்வ சக்தி. தொட்டுக் குணப்படுத்தும் புள்ளிகள், லெவலைப் போல் ஐந்து மடங்கு. பூஜ்யத்தில் விழுந்து கிடக்கும் நண்பரைத் தொட்டு ஒரே ஒரு புள்ளி கொடுத்தாலும் அவர் கண் விழித்துவிடுவார். அன்று எங்கள் குழுவில் ஒரு பாலடின் அருகில் இருந்திருந்தால் அந்தத் தாளை மடித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது லெவலில், அடி விழுந்த பிறகு ஒரு மந்திர வாய்ப்பைச் செலவழித்து இரண்டு எட்டு முகப் பகடை அளவு சேதத்தைக் கூட்டலாம். ஆனால் அதே வாய்ப்புகள்தான் மந்திரங்களுக்கும். எப்போது எதற்குச் செலவழிப்பது என்ற சிந்தனை எப்போதும் இருக்கும். வலிமை, வசீகரம் இரண்டு எண்களும் உயர்வாக இருக்க வேண்டும்.

மாங்க்

முதல் லெவலில் 8 ஹிட் பாயிண்ட், அதன் மேல் உடல் வலுவுக்கான எண். கவசம் கிடையாது. சுறுசுறுப்பும் ஞானமும்தான் கவசம். ஓடிப் போய் அடித்துவிட்டு விலகி நிற்பவர். நிலைத்து நிற்பவர் இல்லை. புள்ளிக் கணக்கும், எங்கே நிற்கிறோம் என்ற கணக்கும் ஒவ்வொரு சுற்றிலும் உண்டு. கம்ப்யூட்டர் கேமில் மாங்க் ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதாக வரும். முதல் தடவை ஆடுபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

ரோக்

பதுங்கித் தாக்குவதில் கூடுதலாக ஓர் ஆறு முகப் பகடை. லெவல் ஏற ஏற அதன் எண்ணிக்கையும் ஏறும். ஆனால் அது கிடைக்க நிபந்தனை உண்டு. உங்களுக்குச் சாதகமான நிலை இருக்க வேண்டும். அல்லது உங்கள் ஆள் ஒருவர் அந்த எதிரிக்கு ஐந்து அடி தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது, பெரும்பாலும் வேறொருவர் முன்வரிசையில் நின்றால்தான் இவர் வேலை நடக்கும். குழுவில் ஏற்கெனவே பைட்டரோ பார்பேரியனோ இருந்தால் எடுங்கள்.

வாளும் வில்லும் கலந்து ஆடும் ரேஞ்சர் என்ற கிளாஸும் உண்டு. அருகில் நின்று போரிடுவது மட்டுமே அவர் வேலை இல்லை என்பதால் இங்கு விட்டுவிட்டோம்.

முடிவு செய்யும் முன் மூன்று கேள்விகள்

1. மற்றவர்கள் என்ன கிளாஸ் எடுத்திருக்கிறார்கள்? இதை முதலில் கேளுங்கள். மந்திரவாதிகள் இருவர் இருந்தால் அவர்கள் முன்னால் நிற்க ஒருவர் தேவை. ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார் என்றால் உங்களுக்குச் சுதந்திரம்.

2. என் முறை வரும்போது எத்தனை எண்களை என்னால் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடியும்? ஒன்று என்றால் பார்பேரியன், இரண்டு என்றால் பைட்டர், மூன்று நான்கு என்றால் பாலடின் அல்லது மாங்க்.

3. சண்டை இல்லாத நேரத்தில் என்ன செய்ய ஆசை? பேசி வெல்ல ஆசை என்றால் பாலடினின் வசீகரம் உதவும். பூட்டுத் திறக்க, பதுங்கிப் போக ஆசை என்றால் ரோக்.

விதிகளை இலவசமாகப் பெறலாம்

இந்த விளையாட்டின் ஐந்தாவது பதிப்பு 2014ல் வந்தது. அதன் அடிப்படை விதிகளின் தொகுப்பு 5.1 என்ற எண்ணுடன் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. டிஅண்ட்டி பியாண்ட் தளத்திலிருந்து பிடிஎப் பைலாக டவுன்லோட் செய்யலாம். இந்தக் கட்டுரையின் எண்கள் எல்லாம் அந்தத் தொகுப்பின்படி தரப்பட்டவை. 2024ல் திருத்திய விதிகள் வந்தன. அவற்றுக்கான 5.2 தொகுப்பு 2025ல் வெளியானது. அதில் சில மாற்றங்கள் உண்டு. உதாரணமாக மாங்க்கின் வெறுங்கை அடி கூடியிருக்கிறது. பாலடினின் கூடுதல் சேதத்துக்குக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. எனவே உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம் எந்த ஆண்டு விதி என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

முழுத் தொகுப்பும் சுமார் 400 பக்கம். பிரிண்ட் எடுக்க வேண்டாம். பைலைத் திறந்து, கன்ட்ரோல் மற்றும் எப் கீகளை அழுத்தி உங்கள் கிளாஸின் பெயரைத் தேடுங்கள். சில பக்கங்களில் அடங்கிவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுங்கள். பிறகு உங்கள் முறையில் செய்யக் கூடியவற்றை ஒரு சிறு அட்டையில் சொந்தக் கையால் எழுதுங்கள். அட்டையில் இடம் போதவில்லை என்றால், அந்த கிளாஸ் உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கழித்து என்று பொருள்.

பகடை வாங்கும் முன் பழக வேண்டுமா? எக்ஸெல்லில் ராண்ட்பிட்வீன் என்ற பங்ஷனில் 1, 20 என்று தாருங்கள். எப்9 கீயை அழுத்த அழுத்த இருபது முகப் பகடை உருளும். ஓர் ஆர்க்குடன் பத்துச் சுற்று தனியாகச் சண்டை போட்டுப் பாருங்கள். உங்கள் கிளாஸ் கைக்குப் பழகிவிடும்.

விசார்டை இழந்த நண்பர் அடுத்த வாரமே புதிய விசார்டுடன் வந்தார். நான் பழைய ஷீட்டை அழித்துவிட்டு, நீள வாளும் கேடயமும் எடுத்த பைட்டராக அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு சுற்றுக்கு 5.10தான். ஆனால் என் முறை வரும்போது புத்தகத்தைப் புரட்டாமல், அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க நேரம் இருந்தது.